களிமண் மேல் வெள்ளி நானோ துகள்: 10 கிராம் தொகுதியின் செய்முறைப் பதிவு

வெள்ளி நைட்ரேட் கரைசலில் சோடியம் போரோஹைட்ரைடை விட்டால், யார் விட்டாலும் வெள்ளித் துகள் வரும். அந்தத் துகள் களிமண்ணில் ஒட்டி நிற்குமா, சில நானோமீட்டர் அளவிலேயே அடங்குமா, கடைசியில் பாக்டீரியாவைக் கொன்றது வெள்ளிதானா என்பதெல்லாம் வேறு இடத்தில் முடிவாகிறது. களிமண் கழுவும் வாளியில் ஒரு பாதி, சோதனையன்று வைக்கும் கட்டுப்பாட்டுக் குடுவைகளில் மறு பாதி. அதனால் இந்தப் பதிவில் வெள்ளி சேர்க்கும் பகுதி சிறியது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலை நீளம்.

செய்யப்போவது: 10 கிராம் சோடியம் மான்ட்மோரில்லோனைட்டில் (மெல்லிய படலங்கள் அடுக்கிய ஒரு களிமண் கனிமம்) எடைக்கு 1 சதவீதம் வெள்ளி. தாங்கியாக மான்ட்மோரில்லோனைட்டை எடுப்பதற்குக் காரணம் அதன் நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன், அதாவது தன்னிடமுள்ள நேர்மின் அயனியை விட்டு வேறொன்றைப் பிடித்துக்கொள்ளும் திறன். 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிசமானம் (ஒற்றை மின்னேற்ற அயனிக்கு இது மில்லிமோலுக்குச் சமம்) வரை அதற்கு உண்டு. கயோலினைட் களிமண்ணில் இது 3 முதல் 15 வரைதான்; வெள்ளி அயனியைப் பிடித்து வைக்க அதில் போதிய இடம் இல்லை, துகள்கள் நீரிலேயே உருவாகிக் கட்டிதட்டும். கடையில் கிடைக்கும் பென்டோனைட்டில் பெரும்பகுதி மான்ட்மோரில்லோனைட். மீதி குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கால்சைட், கொஞ்சம் இரும்பு ஆக்சைடு, அங்கக அழுக்கு.

களிமண்ணைத் தயார் செய்தல்

முதலில் பென்டோனைட்டின் பிஎச் பாருங்கள். 2 கிராம் மண்ணை 100 மி.லி. அயனி நீக்கிய நீரில் கலக்கி அரை மணி கழித்து அளந்தால் போதும். 9.5-க்கு மேல் காட்டினால் அது பெரும்பாலும் சோடா சாம்பல் சேர்த்து 'சோடியம் ஆக்கப்பட்ட' கால்சியம் பென்டோனைட். பையில் சோடியம் பென்டோனைட் என்றுதான் எழுதியிருக்கும். இதை அப்படியே எடுத்து வெள்ளி நைட்ரேட் விட்டால் உடனே பழுப்பு நிறம் வரும். ஒடுக்கி (வெள்ளி அயனியை உலோகமாக்கும் போரோஹைட்ரைடு) சேர்ப்பதற்கு முன்பே நானோ துகள் வந்துவிட்டது என்று மகிழ்ச்சியடைய வேண்டாம். அது வெள்ளி ஆக்சைடும் வெள்ளி கார்பனேட்டும் கலந்த வீழ்படிவு.

கார்பனேட்டை எடுக்க 1 மோலார் சோடியம் அசிடேட் கரைசலை அசிட்டிக் அமிலத்தால் பிஎச் 5-க்குக் கொண்டுவந்து பயன்படுத்துகிறோம். 40 கிராம் கழுவாத பென்டோனைட்டுக்கு 800 மி.லி. கரைசல். குமிழ் அடங்கும்வரை மெல்லச் சூடாக்கி, 60 முதல் 70 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறி, தெளிந்த நீரை வடித்துவிட்டு இன்னொரு முறை. இந்தக் கழுவலில் இரண்டு வேலை நடக்கிறது: கால்சைட் கரைகிறது, அடுக்குகளுக்கிடையே இருக்கும் கால்சியத்தின் இடத்தில் சோடியம் ஏறத் தொடங்குகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கார்பனேட்டைக் கரைப்பது விரைவான வழிதான். ஆனால் களிமண்ணின் எண்முக அடுக்கிலிருந்து அலுமினியமும் மக்னீசியமும் வெளியேறும், குளோரைடும் உள்ளே வந்து உட்காரும். இந்த வேலைக்கு அது ஒத்துவராது.

அங்கக அழுக்கு அதிகமென்றால், அதாவது மண் சாம்பல் கருப்பாக இருந்தால், 10 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நுரை அடங்கும்வரை வைக்கலாம். வெளிர் நிற மண்ணுக்குத் தேவையில்லை. இரும்பு ஆக்சைடை எடுக்கும் டைதயோனைட் முறையையும் அவசியமில்லாமல் தொடாதீர்கள். டைதயோனைட் களிமண் கட்டமைப்பிலுள்ள இரும்பையும் இரும்பு(II) ஆக்கிவிடும். பிறகு வெள்ளி நைட்ரேட் விட்ட உடனேயே அந்த இரும்பு வெள்ளியை ஒடுக்கிவிடும். துகளின் அளவு உங்கள் கையில் இருக்காது.

அசிடேட்டைக் கழுவி எடுக்கும்போது ஒரு கட்டத்தில் மண் அடியில் படியாமல் நீர் முழுவதும் பால்போல் மிதக்கும். உப்புச் செறிவு இறங்கிவிட்டது, அடுக்குகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்பதற்கு அது அடையாளம். இப்போதுதான் மணலைப் பிரிக்க முடியும். 2 லிட்டருக்கு நீரைக் கூட்டி, நன்றாகக் கலக்கி, ஆடாத இடத்தில் வையுங்கள். 2 மைக்ரான் துகள் நீரில் 10 செ.மீ. இறங்க 20 டிகிரியில் சுமார் 8 மணி நேரமும், 30 டிகிரியில் 6 மணி நேரத்துக்குச் சற்று மேலும் ஆகும். அந்த நேரம் கழித்து மேலிருந்து 10 செ.மீ. ஆழம்வரை உள்ளதை மட்டும் சைஃபன் குழாயால் எடுங்கள். குழாயின் நுனியை மேல்நோக்கி வளைத்து வைத்தால் அடி மண் உறிஞ்சப்படாது. அடியில் கடினமாகப் படிந்திருக்கும் சாம்பல் நிறப் பொருள் குவார்ட்ஸ். அதை உலரவிட்டுப் பொடியாக்கிக் கொட்டாதீர்கள், படிகச் சிலிக்கா தூசு நுரையீரலுக்குக் கேடு, ஈரமாகவே அப்புறப்படுத்துங்கள். தொடக்கத்தில் காய்ந்த பென்டோனைட்டை எடை போடும்போதும் என்95 முகக்கவசம் வேண்டும்.

மேலே எடுத்த மெல்லிய கலவையைச் செறிவாக்க, லிட்டருக்கு 85 கிராம் சோடியம் நைட்ரேட் சேருங்கள். 1 மோலார் ஆகும். சில நிமிடங்களில் மண் திரிந்து கீழே இறங்கிவிடும். தெளிநீரை வடித்து, புதிய 1 மோலார் சோடியம் நைட்ரேட்டில் ஆறு மணி நேரம் கிளறி, மீண்டும் வடித்து, மூன்று முறை செய்தால் பரிமாற்றம் முடிந்ததாகக் கொள்ளலாம். பாடநூல்கள் இந்த இடத்தில் சோடியம் குளோரைடைச் சொல்கின்றன. விலை குறைவு என்பதைத் தவிர அதில் நன்மை ஏதும் இல்லை. வெள்ளியோடு வேலை செய்பவர் குளோரைடைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் பிறகு அதைத் துரத்துவானேன்?

சோடியம் வடிவம் ஏன் முக்கியம்? வெள்ளி ஒற்றை மின்னேற்ற அயனி. சோடியத்தோடு இடம் மாற்றிக்கொள்வது அதற்கு எளிது, களிமண் சோடியத்தைவிட வெள்ளியைச் சற்று விரும்பவும் செய்யும். அடுக்கிடையில் கால்சியம் இருந்தால் அந்த இரட்டை மின்னேற்றத்தைத் தள்ளிவிட்டு வெள்ளி உள்ளே போவது கடினம், பாதி நீரிலேயே நிற்கும்.

பரிமாற்றம் முடிந்த மண்ணை சென்ட்ரிஃபியூஜில் இரண்டு முறை கழுவி, பிறகு டயாலிசிஸ் பைக்கு (உப்பை மட்டும் வெளியே விடும் நுண்துளைச் சவ்வுப் பை) மாற்றுங்கள். 12 முதல் 14 ஆயிரம் டால்டன் அளவுள்ள பை போதும். வெளிநீரை நாளுக்கு இருமுறை மாற்றி, அதன் மின்கடத்துதிறன் புது நீரின் அளவுக்கு அருகில் வரும்வரை விடுங்கள். வடிதாளில் வடிக்க முயலவேண்டாம். சோடியம் களிமண் தாளின் துளைகளைச் சில நிமிடங்களில் அடைத்துவிடும், அதன் பிறகு ஒரு சொட்டும் இறங்காது.

குளோரைடு மீந்திருக்கிறதா என்று பார்க்க, கடைசி வெளிநீரில் 5 மி.லி. எடுத்து ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம், இரண்டு சொட்டு 0.1 மோலார் வெள்ளி நைட்ரேட். கருப்புப் பின்னணியில் பக்கவாட்டு விளக்கில் பார்க்க வேண்டும். மிக மெல்லிய மங்கல் தெரிந்தாலும் இன்னும் ஒருநாள் டயாலிசிஸ். இந்த மங்கலைப் பொருட்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்றால், வெள்ளி குளோரைடு களிமண் மேல் படிந்து, வெளிச்சத்தில் ஊதா சாம்பலாக மாறி, பார்வைக்கு நானோ வெள்ளிபோலவே இருக்கும். பாக்டீரியாவையும் ஓரளவு கொல்லும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு எடுத்தால்தான் 27.8, 32.2, 46.2 டிகிரிகளில் வெள்ளி குளோரைடின் முகடுகள் வந்து குட்டு வெளிப்படும்.

எவ்வளவு மண், எவ்வளவு இடம்

தயாரான கலவையை உலர்த்த வேண்டாம். உலர்ந்த சோடியம் களிமண் மறுபடி நீரில் முழுதாகப் பிரியாது. கலவையாகவே வைத்து, அதில் 25 மி.லி. மட்டும் எடுத்து 105 டிகிரியில் இரவு முழுதும் காயவைத்து எடை பாருங்கள். எடுத்துக்காட்டாக 0.41 கிராம் வந்தால் செறிவு 1.64 சதவீதம், 10 கிராம் மண்ணுக்கு 610 மி.லி. கலவை வேண்டும். காற்றில் காய்ந்த பொடியை 10 கிராம் என்று நேரடியாக எடை போடுபவர்கள் அதற்குள் இருக்கும் 10 சதவீதம் அளவான நீரையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

பரிமாற்றத் திறனை மெத்திலீன் நீலத்தால் அளக்கலாம். 0.2 கிராம் உலர் மண்ணுக்குச் சமமான கலவையை 50 மி.லி. நீரில் எடுத்து, 0.01 மோலார் மெத்திலீன் நீலத்தை 1 மி.லி. வீதம் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டை வடிதாளில் வையுங்கள். நடுவில் கரு நீலப் பொட்டு, சுற்றிலும் நிறமற்ற ஈரம் என்றிருக்கும் வரை தொடரலாம். பொட்டைச் சுற்றி வெளிர்நீல வளையம் வந்தவுடன் நிறுத்தி, இரண்டு நிமிடம் கிளறி, மறுபடி பொட்டு வையுங்கள். வளையம் மறைந்தால் முடியவில்லை. நின்றால் அதுதான் முடிவு. 18 மி.லி. செலவானால் 100 கிராமுக்கு 90 மில்லிசமானம். இந்தச் செறிவில் கிராமுக்கு எத்தனை மி.லி. செலவானதோ அந்த எண்ணே விடையாக இருப்பது வசதி.

90 என்றால் 10 கிராம் மண்ணில் 9 மில்லிமோல் ஒற்றை அயனிக்கு இடம் உண்டு. 1 சதவீத வெள்ளி என்பது 0.1 கிராம், அதாவது 0.927 மில்லிமோல், இடத்தில் பத்தில் ஒரு பங்கு. இந்த விகிதம்தான் பாதுகாப்பானது. அயனிகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி உட்காருகின்றன, ஒடுக்கும்போது கருக்கள் சிறியதாக நிற்கின்றன. 2 சதவீதம் வரை போகலாம். 5 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கும். வெள்ளி கூடியும் ஒரு கிராம் வெள்ளிக்குக் கிடைக்கும் மேற்பரப்பு குறைகிறது. நிறைய வெள்ளி சேர்த்தால் நிறையக் கொல்லும் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

வெள்ளி ஏற்றுதலும் ஒடுக்குதலும்

610 மி.லி. கலவையை அயனி நீக்கிய நீரால் 1 லிட்டராக்குங்கள். 1 சதவீதம் ஆகும். 3 சதவீதத்துக்கு மேல் போனால் கூழாகிக் காந்தக் கலக்கி சுற்றாமல் நின்றுவிடும். பிஎச் 6.5 முதல் 7 வரை இருக்கட்டும், கூடுதலாக இருந்தால் மிக நீர்த்த நைட்ரிக் அமிலம். 9-ஐத் தாண்டிய நிலையில் வெள்ளி வந்தால் ஆக்சைடாக வீழும். ரொம்ப அமிலமாக்கினால் அடுக்குகளின் விளிம்பு நேர்மின்னேற்றம் பெற்று இன்னொரு அடுக்கின் முகத்தில் ஒட்டும்; கலவை திரிந்துபோகும்.

வெள்ளி நைட்ரேட் 1.699 கிராமை 100 மி.லி.யில் கரைத்தால் 0.1 மோலார். அதில் 9.3 மி.லி. எடுத்து 50 மி.லி. ஆக்கி, நிமிடத்துக்கு 2 மி.லி. வீதம் சொட்டாக விடுங்கள். பீக்கரை அலுமினியத் தாளால் சுற்றியிருக்க வேண்டும். சேர்த்து முடித்து 3 முதல் 4 மணி நேரம் கிளறினால் போதும். 24 மணி நேரம் என்று எழுதியிருக்கும் செய்முறைகள் பல உண்டு. இந்த நீர்த்த கலவையில் அயனிப் பரிமாற்றம் அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. நேரம் கூடக்கூட வெளிச்சமும் மண்ணின் இரும்பும் வெள்ளியைத் தன் போக்கில் ஒடுக்கத் தொடங்கும். இந்தக் கட்டத்தின் முடிவில் கலவை தொடங்கிய அதே வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். வெண்பால் கட்டி தெரிந்தால் குளோரைடு. பழுப்பு என்றால் காரம். சாம்பல் என்றால் வெளிச்சம் அல்லது இரும்பு(II).

கொஞ்சம் கலவையை சென்ட்ரிஃபியூஜ் செய்து, தெளிநீரில் ஒரு சொட்டு உப்புக் கரைசல் விட்டுப் பாருங்கள். இலேசான மங்கல் பரவாயில்லை. தயிர்போல் திரிந்தால் வெள்ளி பெரும்பாலும் வெளியே நிற்கிறது. அதை அப்படியே ஒடுக்கினால் நீரில் துகள் வளரும். களிமண்ணைப் பிரித்துப் புது நீரில் கலந்த பிறகே அடுத்த படி.

ஒடுக்கி: சோடியம் போரோஹைட்ரைடு 0.14 கிராம், அதாவது 3.7 மில்லிமோல், வெள்ளியைப்போல் நான்கு மடங்கு. ஒரு போரோஹைட்ரைடு அயனி 8 எலக்ட்ரான்வரை தரவல்லது, கணக்குப்படி வெள்ளியின் மோலில் எட்டில் ஒரு பங்கே போதும். ஆனால் அது நீரோடும் வினைபுரிந்து ஹைட்ரஜனாகப் போய்க்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் பிஎச் 7-ல் பாதி சில நொடிகளில் தீர்ந்துவிடும். பிஎச் 10-ல் பாதி தீர ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே 50 மி.லி. பனிக்குளிர் நீரில் 1 மி.லி. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, அதில் போரோஹைட்ரைடைக் கரைத்து, உடனே பயன்படுத்துங்கள். இந்தக் காரத்தின் மொத்த அளவு 0.1 மில்லிமோல்தான், வெள்ளியை ஆக்சைடாக்கும் அளவுக்குப் போதாது. காலையில் கரைத்த கரைசலை மாலையில் எடுக்க வேண்டாம்.

பீக்கரைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, கலக்கியை வேகமாகச் சுழலவிட்டு, பியூரெட்டிலிருந்து அரை மணி நேரத்தில் 50 மி.லி. இறங்கும்படி விடுங்கள். சொட்டு விழும் இடம் சுழியின் ஓரமாக இருக்கட்டும். முதல் சில சொட்டுகளில் வெளிர் மஞ்சள், பாதியில் தேன் நிறம், முடிவில் மஞ்சள் கலந்த பழுப்பு. ஹைட்ரஜன் குமிழ்கள் களிமண்ணைத் தூக்கிவந்து மேலே ஒரு பழுப்பு நுரைப்படலம் கட்டும்; அதைக் குச்சியால் உள்ளே தள்ளிவிடுங்கள், ஓரத்தில் காய்ந்தால் அந்தப் பங்கு கருத்துப்போகும். கலவை சாம்பல் பச்சை அல்லது கரும் சாம்பலாகத் திரும்பினால் துகள்கள் கட்டிதட்டிவிட்டன. பெரும்பாலும் ஒடுக்கி ஒரே இடத்தில் கொட்டப்பட்டிருக்கும், அல்லது டயாலிசிஸ் போதாமல் உப்பு மீந்திருக்கும். திரும்ப மஞ்சளாக்க வழி கிடையாது, அந்தத் தொகுதியை வெள்ளி மீட்புக்கு ஒதுக்க வேண்டியதுதான்.

இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. வெள்ளியே சேர்க்காத களிமண்ணில் போரோஹைட்ரைடு விட்டாலும் கட்டமைப்பு இரும்பு ஒடுக்கப்பட்டு இலேசான சாம்பல் பச்சை வரலாம். அதனால் 2 கிராம் மண்ணை வெள்ளி இல்லாமல் மற்ற எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுபோங்கள். இந்த வெற்றுக் களிமண் பின்னால் பாக்டீரியாச் சோதனையில் அதைவிடப் பெரிய வேலை செய்யும்.

வேலை முழுவதும் புகைப்போக்கியின் கீழ், அருகில் தீ இல்லாமல். மீதமுள்ள போரோஹைட்ரைடை அமிலத்தில் கொட்டக்கூடாது. ஒடுக்கிய கலவையை இரவு முழுதும் திறந்தே வையுங்கள். மூடி இறுக்கினால் ஹைட்ரஜன் அழுத்தத்தில் பாட்டில் தெறிக்கும்.

கழுவி உலர்த்துதல்

சென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்கு 5000 சுற்றில் 20 நிமிடம். முதல் கழுவல் நன்றாகப் படியும், இரண்டாவது பாதி படியும், மூன்றாவதில் ஒன்றும் படியாது. அப்போது சிலர் வேகத்தைக் கூட்டுவார்கள். தேவையில்லை, கழுவும் நீரில் 0.05 மோலார் அளவுக்குச் சோடியம் நைட்ரேட் இருந்தால் மண் தானாகத் திரிந்து இறங்கும். ஒடுங்காமல் ஒட்டியிருக்கும் வெள்ளி அயனியையும் சோடியம் வெளியேற்றிவிடும். சமையல் உப்பு எக்காரணம் கொண்டும் வேண்டாம். கடைசியாக ஒரு முறை எத்தனால் நீர் பாதிக்குப் பாதி கலவையில் கழுவினால் நைட்ரேட்டும் போகும், மண்ணும் படியும்.

50 முதல் 60 டிகிரியில் மெல்லிய படலமாகப் பரப்பி இருட்டில் உலர்த்துங்கள். காய்ந்தது கொம்புபோல் கெட்டியான செதில்களாக இருக்கும்; அகேட் உரலில் அரைத்து 75 மைக்ரான் சல்லடையில் சலிக்கலாம். உறைய வைத்து உலர்த்தும் வசதி இருந்தால் அதுவே மேல், பஞ்சாக வரும். அடர்பழுப்புக் கண்ணாடியில், ரப்பர் மூடி இல்லாமல் வையுங்கள். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியின் மேற்பரப்பைச் சல்ஃபைடாக்கி மழுக்கிவிடும்.

கிடைத்தது என்ன

புற ஊதா, கட்புலன் நிறமாலைக்கு 0.02 சதவீதமாக நீர்க்கச் செய்து, ஒப்பீட்டுக் குவெட்டில் வெறும் நீருக்குப் பதில் அதே செறிவு வெற்றுக் களிமண்ணை வையுங்கள். இல்லையென்றால் களிமண்ணின் ஒளிச்சிதறல் வளைவை விழுங்கிவிடும். 390 முதல் 420 நானோமீட்டரில் ஒற்றை முகடு நல்லது. 450-ஐ நோக்கி நகர்ந்து வால் 600 வரை நீண்டால் துகள் பெரியது அல்லது ஒட்டிக்கொண்டது.

எக்ஸ்-கதிரில், தாமிரக் கதிர்வீச்சுக்கு, வெள்ளியின் முகடுகள் 38.1, 44.3, 64.4, 77.5 டிகிரிகளில் வரும். 1 சதவீத ஏற்றத்தில் 38.1 கூட மெலிவாகத்தான் தெரியும். அங்கே முகடின் அகலம் கருவியின் பங்கைக் கழித்து 1 டிகிரி என்றால் ஷெரர் சமன்பாடு 8 நானோமீட்டர் அளவு தரும். களிமண்ணின் முதல் முகடு 7 டிகிரியருகில், 1.25 நானோமீட்டர் அடுக்கு இடைவெளியில் வரும். வெள்ளி சேர்த்தபின் அது சற்று நகர்ந்தால் 'துகள்கள் அடுக்குகளுக்கிடையே உருவாயின' என்று எழுதிவிடுவது வழக்கம். ஒரு படலத்தின் தடிமன் 0.96 நானோமீட்டர், மீதி இடைவெளி சுமார் 0.3. அதற்குள் 8 நானோமீட்டர் துகள் எப்படி உட்காரும்? அந்த நகர்வு நீர் அளவு மாறியதாலும் வரும். துகள்கள் பெரும்பாலும் வெளிமுகத்திலும் விளிம்பிலும், பிரிந்த அடுக்குகள் உலரும்போது உண்டான பிளவுகளிலும் இருக்கின்றன என்று கொள்வதே சரி.

வெள்ளியின் அளவைக் காண, 0.1 கிராம் பொடியை 5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கி, வடித்து, 100 மி.லி. ஆக்குங்கள். முழு ஏற்றம் நடந்திருந்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஐந்து மடங்கு நீர்த்து அணு உட்கவர் நிறமாலைமானியில் 328.1 நானோமீட்டரில் அளக்கலாம். ராஜதிராவகம் கூடாது, அதிலுள்ள குளோரைடு வெள்ளியைத் திரும்ப வீழ்த்தும்.

பாக்டீரியாச் சோதனை

அகார் தட்டில் குழி வெட்டிக் களிமண் கூழை வைத்து வளையம் அளப்பது இதற்குப் பொருத்தமான சோதனை அல்ல. களிமண் அகாருக்குள் நகராது. அங்கே தெரியும் வளையம் கசிந்த வெள்ளி அயனியின் வளையம். வெள்ளியை இறுகப் பிடித்திருக்கும் நல்ல மாதிரி சிறிய வளையம் காட்டும், சரியாகக் கழுவாத மாதிரி பெரிய வளையம் காட்டிப் பெயர் வாங்கிக்கொள்ளும். ஊட்டக் குழம்பில் கலங்கலை அளப்பதும் பயன்படாது, களிமண்ணே கலங்கல்தான்.

குலுக்குக் குடுவை முறையே ஏற்றது. ஈ.கோலை கே-12 வகை போதும், நோய் உண்டாக்காதது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸைத் தொடுவதென்றால் இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு உள்ள ஆய்வகம் வேண்டும். இரவு வளர்த்த பாக்டீரியாவை 0.3 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட் தாங்கல் கரைசலில், பிஎச் 7.2, இருமுறை கழுவுங்கள். ஊட்டக் குழம்பின் புரதமும் குளோரைடும் மீந்திருந்தால் வெள்ளியைப் பிடித்து முடக்கிவிடும். 0.85 சதவீத உப்பு நீரைப் பயன்படுத்தினாலும் இதே கதிதான். 600 நானோமீட்டரில் 0.1 ஒளியடர்த்தி ஏறத்தாழ மி.லி.க்கு 10 கோடி செல். 500 மடங்கு நீர்த்தால் 2 லட்சம்.

ஒவ்வொரு குடுவையிலும் இந்தப் பாக்டீரியாக் கலவை 50 மி.லி.; அதில் வெள்ளிக் களிமண் மி.லி.க்கு 0.1, 0.5, 1 மில்லிகிராம். அதாவது வெள்ளி 1, 5, 10 மைக்ரோகிராம். அவற்றோடு எதுவும் சேர்க்காதது, வெற்றுக் களிமண் 1 மில்லிகிராம், அதே அளவு வெள்ளியுள்ள வெள்ளி நைட்ரேட், வெள்ளிக் களிமண்ணை ஒரு நாள் ஊறவைத்துப் பிரித்த தெளிநீர். 30 நிமிடம், 1 மணி, 24 மணி ஆகியவற்றில் 1 மி.லி. எடுத்து 9 மி.லி. முடக்கியில் கலக்க வேண்டும். லிட்டருக்கு 1 கிராம் சோடியம் தயோகிளைகோலேட்டும் 1.5 கிராம் சோடியம் தயோசல்ஃபேட்டும் அதில் இருக்கும். முடக்கி இல்லாவிட்டால் வெள்ளி அகார் தட்டுக்கும் கூடவே வந்து அங்கேயும் கொன்றுகொண்டிருக்கும். அரை மணியில் எல்லாம் செத்துவிட்டதாகத் தெரியும். முடக்கியே பாக்டீரியாவைப் பாதிக்கவில்லை என்பதையும் தனியே ஒரு தட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெற்றுக் களிமண் குடுவை இல்லாத சோதனையை நம்ப முடியாது. செல்கள் களிமண் திரளில் ஒட்டிக்கொள்ளும். பத்து செல் ஒட்டிய ஒரு திரள் தட்டில் ஒரே காலனியாக எண்ணப்படும். மாதிரிக் கணக்கு: எதுவும் சேர்க்காத குடுவை 2,00,000, வெற்றுக் களிமண் 80,000, வெள்ளிக் களிமண் 80 என்றால், வெள்ளியின் பங்கு 3 மடக்கைக் குறைவு (ஆயிரத்தில் ஒன்றாகக் குறைதல்), 3.4 அல்ல. முடக்கியில் 0.1 சதவீதம் ட்வீன் 80 (சோப்புபோல் திரளைப் பிரிக்கும் பொருள்) சேர்த்து வோர்டெக்ஸில் ஒரு நிமிடம் குலுக்கினால் இந்தப் பிழை குறையும், முற்றிலும் போகாது.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. பென்டோனைட்டில் பேசில்லஸ் வித்துகள் இயல்பாகவே இருக்கும். வெள்ளி வித்துகளைக் கொல்லாது. 24 மணி நேரத் தட்டில் சொரசொரப்பான, ஓரம் கிழிந்த வெண் காலனிகள் தெரிந்தால் அவை ஈ.கோலை தப்பிப் பிழைத்தவை என்று எண்ணிவிட வேண்டாம். ஊட்ட அகாரோடு மக்கான்கி அகாரிலும் பரப்புங்கள், அதில் ஈ.கோலை இளஞ்சிவப்பாக வரும், பேசில்லஸ் வராது. அடிபட்ட ஈ.கோலை செல்கள் சில மக்கான்கியில் எழாது என்பதால் இரண்டு தட்டும் வேண்டும். வெள்ளிக் களிமண்ணை ஆட்டோகிளேவில் வைத்துத் தூய்மையாக்கலாமே என்றால், 121 டிகிரி நீராவியில் துகள்கள் வளர்ந்துவிடும்.

வெள்ளி நைட்ரேட் அரை மணியில் கொல்வதை வெள்ளிக் களிமண் சில மணி நேரத்தில் கொன்றால் அது குறையல்ல. துகளின் மேற்பரப்பை நீரில் கரைந்த பிராணவாயு ஆக்சிஜனேற்றம் செய்து, அயனி மெல்ல மெல்ல வெளிவருவதுதான் செயல்படும் வழி. பிராணவாயு இல்லாத சூழலில் வெள்ளித் துகளின் நச்சுத்தன்மை ஏறக்குறைய காணாமல் போவதும் அதனால்தான். ஊறவைத்த தெளிநீரே முழு வேலையும் செய்தால் மட்டும் யோசிக்க வேண்டும்: துகளாக மாறாத வெள்ளி அயனி நிறைய மீந்திருக்கிறது, கழுவல் போதவில்லை. கசிவைத் தூய நீரில் மட்டும் அளக்காமல் 0.01 மோலார் சோடியம் நைட்ரேட்டிலும் அளந்து பாருங்கள், பரிமாற்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளி அப்போதுதான் வெளியே வரும். நீர் வடிகட்டிக்கு இதைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஓர் அளவுகோல்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இரண்டாம் நிலைத் தரம் குடிநீரில் வெள்ளிக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்.

தாமிரத்தில் செய்ய விரும்பினால்

10 கிராம் மண்ணுக்கு 1 சதவீதத் தாமிரம் என்பது 0.393 கிராம் மயில்துத்தம் (தாமிர சல்ஃபேட்). இரட்டை மின்னேற்றம் என்பதால் 3.15 மில்லிசமானம், இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் பிடிக்கும். பிஎச் 5-ல் நிறுத்துங்கள், 6-ஐ நெருங்கினால் ஹைட்ராக்சைடு வீழும். போரோஹைட்ரைடு விட்டதும் கருஞ்சிவப்பாக வரும் பொருள், கழுவி முடிப்பதற்குள் காற்றில் பச்சை பழுப்பாகிவிடும். நைட்ரஜனில் செய்து, கழுவும் நீரில் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்துக் காப்பாற்றலாம்தான். ஆனால் பாக்டீரியாவைக் கொல்வது நோக்கமென்றால் அந்தப் போராட்டம் வீண். தாமிர(I) ஆக்சைடே நன்றாகக் கொல்லும். உலோகத் தாமிரம் என்று மட்டும் பெயரெழுதாமல் இருந்தால் சரி.

கழிவு

எல்லாக் கழுவல் நீரையும் ஒரே கேனில் சேர்த்து, போரோஹைட்ரைடு அடங்கியபின் சோடியம் குளோரைடு விட்டு வெள்ளியை வீழ்த்திப் பிரித்தெடுங்கள். சாக்கடையில் விட்டால் கழிவுநீர் நிலையத்தின் பாக்டீரியாவைத்தான் முதலில் பாதிக்கும். அந்தக் கேனில் அம்மோனியா கலந்த எதையும் ஊற்றக்கூடாது. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசல் நாள்பட நின்றால் வெடிக்கக்கூடிய படிவு உண்டாகும். வெள்ளி நைட்ரேட் தோலில் பட்ட இடம் சில மணி நேரத்தில் கருக்கும், கழுவினால் போகாது, தோல் உரிந்துதான் போகும். நைட்ரைல் கையுறையைக் கழற்றும் முன் பியூரெட்டின் குழாய்முனையைத் துடைத்துவிடுங்கள், கறை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.